140 வருஷ வீடு, எல்லா அறையும் பிரிச்சாச்சு, எதை முதல்ல முடிக்கறது?

ஓட்டுக்கூரை எழுதியது:

வீடு கட்டி 140 வருஷம் ஆகுது. தரைத்தளம், மேல ஒரு மாடி, அதுக்கு மேல ஓட்டுக்கூரை. செங்கல் சுவர் 450 மி.மீ. கனம், சுண்ணாம்புக் காரை. மாடித்தளம் மர உத்தரம், அதுமேல பலகை. பாரம்பரியக் கட்டடப் பட்டியல்ல இருக்கு. குடியிருக்கறது ஆறு பேர், அதுல பிள்ளைங்க ரெண்டு பேர், 4 வயசும் 7 வயசும். வேலை ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சு.

இப்ப நிலைமை இதுதான். கூரையில ரெண்டு சரிவு சேர்ற பள்ளத்துல ஒழுகுது. அதுக்கு நேர் கீழ மாடித்தளத்துல ரெண்டு உத்தரம், சுவருக்குள்ள போற நுனி மெத்துன்னு இருக்கு. தரைத்தளச் சுவர்ல தரையில இருந்து ஒரு மீட்டர் உயரம் வரைக்கும் ஓதம். 15 வருஷத்துக்கு முன்னாடி யாரோ சிமென்ட் பூச்சு பூசியிருக்காங்க, அது பாளம் பாளமா உப்புது, அதுக்கு மேல வெள்ளையா உப்பு பூக்குது. ஒரு சன்னலுக்கு மேல சாய்வா ஒரு வெடிப்பு, மேல் பக்கம் அகலமா இருக்கு. வயரிங் பழைய ரப்பர் உறை. கதவு, சன்னல்ல எத்தனை அடுக்கு பெயின்ட்னு எண்ண முடியாது, சில கதவுகளை உப்புத்தாள் போட்டு தேய்க்க ஆரம்பிச்சிருக்காங்க.

ஒப்பந்தக்காரர் சொல்ற யோசனை: மாடி மரத்தளத்தை எடுத்துட்டு கான்கிரீட் போடலாம், ஓதத்துக்கு சுவர்ல துளை போட்டு மருந்து ஏத்தலாம், மறுபடி சிமென்ட் பூசலாம். ஐந்து அறை பிரிச்சுக் கிடக்கு, ஒண்ணுகூட முடியல. வீட்ல எல்லாரும் ஓஞ்சு போயிட்டாங்க. எந்த வரிசையில போகணும், எதைத் தொடாம விடலாம்?

தூக்குக்குண்டு எழுதியது:

முதல்ல பிரிக்கிற வேலையை இன்னைக்கே நிறுத்துங்க. மூடியிருக்கற அறையை இனி யாரும் திறக்க வேண்டாம். நீங்க சொன்ன ஆறு பிரச்சினையில மூணு தண்ணியால வந்தது. அந்தத் தண்ணி நிக்கற வரைக்கும் உள்ளே செய்யற எந்த வேலையும் ரெண்டு தடவை செய்யற வேலையாயிடும்.

கூரைப் பள்ளத்துல இருந்து ஆரம்பிங்க. பள்ளத்துல போட்டிருக்கற தகட்டுக்கு மேல ரெண்டு பக்க ஓட்டு விளிம்பும் ஒண்ணோட ஒண்ணு நெருங்கி இருந்தா இலை சருகு அடைச்சு, தண்ணி பக்கவாட்டுல ஓட்டுக்கு அடியில ஏறும். நடுவுல குறைஞ்சது 100 மி.மீ. திறந்த இடைவெளி வேணும். தகடு வெடிச்சிருந்தா தார் பூசி ஒட்டு போடாதீங்க. அது ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்து எந்த இடத்துல ஒழுகுதுன்னு கண்டுபிடிக்க முடியாம மறைச்சிடும். தகட்டை மாத்தற வரைக்கும் தற்காலிகமா டார்ப்பாய் போடுங்க. மேல் விளிம்பு முகட்டைத் தாண்டி எதிர்ச் சரிவுல ஒரு மீட்டராவது இறங்கணும். முகட்டோட நிறுத்தினா காத்துல மழை உள்ளே புகுந்திடும். சட்டம் வெச்சு இறுக்கிக் கட்டுங்க, ஓட்டுல ஆணி அடிக்காதீங்க. ரெண்டு முனையும் காத்து போக திறந்திருக்கட்டும். அடுத்த மழை பெய்யும்போது குடையோட வெளியே நின்னு பாருங்க. மழைநீர்க் குழாய் எங்க நிரம்பி வழியுது, தரையில எங்க கொட்டுது, கொட்டின தண்ணி சுவரை விட்டு விலகிப் போகுதா, சுவரை நோக்கி வருதா. பத்து நிமிஷம் பார்த்தா கருவி சொல்லாததும் தெரியும்.

அடுத்து அந்த ரெண்டு உத்தரம். முட்டு கொடுத்தாகணும், ஆனா தூக்கக் கூடாது. தொங்கியிருக்கற மரம் அந்த வளைவுலயே பல பத்தாண்டா உறைஞ்சு போயிருக்கும். ஜாக்கி வெச்சு மட்டத்துக்கு ஏத்தினா மேல இருக்கற சுவரும் பூச்சும் வெடிக்கும். முட்டு இறுக்கமா தொட்டு நிக்கணும், அவ்வளவுதான். சுவர்ல இருந்து 600 மி.மீ. பக்கத்துல, ரெண்டு உத்தரத்துக்கும் குறுக்கா ஒரு தலைப்பலகை, அதுக்கு அடியில இரும்பு முட்டு, கீழே 225 மி.மீ. அகலம் 75 மி.மீ. கனத்துல அடிப்பலகை. தரைத்தளமும் மரத்தளமா இருந்தா முட்டு அதுமேல நிக்கக் கூடாது, பலகையைத் திறந்து மண்ணு வரைக்கும் இறக்குங்க.

வெடிப்பு: மேல அகலமா கீழ குறுகலா இருந்தா பெரும்பாலும் அந்தச் சுவரோட ஒரு முனை கீழ இறங்குதுன்னு அர்த்தம். நடுப்பகுதி இறங்கினா கீழதான் அகலமா திறக்கும். முனைக்குப் பக்கத்துல உடைஞ்ச வடிகால், மழைநீர்க் குழாய் இருக்கான்னு தேடுங்க. சன்னல் மேல இருக்கற மரச் சட்டம் உளுத்துப் போய் அமுங்கினாலும் இதே இடத்துலதான் வெடிப்பு காட்டும். வெடிப்போட ரெண்டு பக்கமும் சின்ன திருகாணி ரெண்டு பதிச்சு, நடுவுல உள்ள தூரத்தை வெர்னியர் காலிப்பர்ல அளந்து, தேதியோட எழுதுங்க. மாசம் ஒரு தடவை, ஒரு முழு வருஷம். வெயில்ல திறந்து மழையில மூடற வெடிப்பு வேற, மாசா மாசம் ஒரே பக்கம் வளர்ற வெடிப்பு வேற. 1 மி.மீ. வரைக்கும் பூச்சு வேலையோட முடியற விஷயம். 5 மி.மீ. தாண்டினா பொறியாளர் வந்து பார்க்கணும். 15 தாண்டினா வருஷக்கணக்கா அளந்துட்டு இருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்க.

கான்கிரீட் தளம் வேண்டாம். 150 மி.மீ. கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்கு 375 கிலோ வரும். பலகையும் உத்தரமும் மட்டும் உள்ள மரத்தளம் பெரும்பாலும் 50 கிலோ பக்கம்தான். அந்தச் சுவரும் கடைக்காலும் (அஸ்திவாரம்) இந்த எடைக்குக் கட்டினது இல்ல. இன்னொண்ணு, அந்த உத்தரங்கள் எதிரெதிர்ச் சுவரைப் பிடிச்சு நிறுத்தவும் செய்யுது. மொத்தமா உருவிட்டா சுவர் வெளியே சாயலாம்.

பட்டியல்ல இருக்கற வீடுன்னா இதுவரைக்கும் செஞ்சதுக்கு எழுத்துல அனுமதி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அடுத்த வேலைக்கு முன்னாடி அந்தத் துறையில போய் நிலைமையைச் சொல்லுங்க. அவசர முட்டும் டார்ப்பாயும் தற்காலிக வேலை, யாரும் தடுக்கறது அபூர்வம். ஆனா போட்டோவோட பதிவு வெச்சுக்குங்க.

நீற்றுச்சுண்ணாம்பு எழுதியது:

ஓதத்தைப் பத்தி நான் சொல்றேன், மத்ததுல தூக்குக்குண்டு சொன்னதை அப்படியே ஏத்துக்கறேன்.

போர்ட்லேண்ட் சிமென்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் 1824-ல காப்புரிமை வாங்கினார். ஆனா சாதாரண வீட்டுச் சுவர்ல அது பரவ இன்னும் பல பத்தாண்டு ஆச்சு. உங்க வீட்டுச் சுவர் ஈரத்தை உள்ள விடாத சுவர் கிடையாது. ஈரம் ஏறும், காரை வழியா ஆவியாப் போகும், அந்தக் கணக்குல நிக்கற சுவர். சிமென்ட் பூசினதும் ஆவி போற வழி அடைபட்டது. உள்ளே இருக்கற தண்ணி வழி தேடி மேல ஏறுது, அதனாலதான் பூச்சு முடியற கோட்டுக்கு மேல உப்பு பூக்குது. உப்பு பூச்சுக்குப் பின்னாடி படிகமா வளர்ந்து தள்ளும்போது சிமென்ட் பாளமா வருது, பல நேரம் செங்கல்லோட முகத்தையும் பிய்ச்சுக்கிட்டு வரும். மறுபடி சிமென்ட் பூசினா இதே கதைதான், இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் உயரத்துல.

துளை போட்டு மருந்து ஏத்தறதைப் பத்தி: 450 மி.மீ. பழைய சுவர்ல நடுவுல உடைகல்லும் தளர்ந்த காரையும் போட்டு நிரப்பியிருக்க வாய்ப்பு அதிகம். மருந்து சீரா பரவாது. பரவினாலும் ஏற்கெனவே பூச்சுல ஏறின உப்பு அங்கேயேதான் இருக்கும். அந்த உப்பு காத்துல இருந்தே ஈரத்தை இழுக்கும். அதனால அதுக்குப் போகற பணத்தை வெளித்தரையைச் சரி பண்ணப் போடுங்க.

முதல்ல ஈரம் எங்க இருந்து வருதுன்னு பிரிச்சுப் பாருங்க. ஓதம் இருக்கற சுவர்ல 45 செ.மீ. சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் நாடா ஒட்டி 48 மணி நேரம் விடுங்க. தாளோட அறைப்பக்கம் வேர்த்திருந்தா அறைக்குள்ள இருக்கற ஈரக்காத்து படியுது, சன்னலைத் திறந்து வைக்கறதுதான் மருந்து. சுவர்ப்பக்கம் வேர்த்திருந்தா சுவருக்குள்ள இருந்து வருது. ரெண்டு முள் வெச்சுக் குத்திப் பார்க்கற ஈரமானியை செங்கல்லுல நம்பாதீங்க. உப்பு இருந்தா காய்ஞ்ச சுவரையும் நனைஞ்ச சுவர்னு காட்டும். அது மரத்துக்கு செஞ்ச கருவி.

சுவருக்குள்ள இருந்து வருதுன்னா வெளித்தரை மட்டத்தை அளந்து சொல்லுங்க. வெளியே மண்ணு உள்தரையை விட குறைஞ்சது 150 மி.மீ. கீழே இருக்கணும். பழைய வீட்ல வருஷா வருஷம் மண்ணு, நடைபாதை, சிமென்ட் தளம்னு ஏறி ஏறி உள்தரைக்கு மேலயே போயிருக்கும். அந்த அளவு கைக்கு வந்தாதான் அடுத்தது பேச முடியும்.

ஓட்டுக்கூரை எழுதியது:

ரொம்ப நன்றி. டியூப் மட்டம் பிடிச்சு அளந்தோம். பின்பக்கம் வெளித்தரை உள்தரையை விட 200 மி.மீ. மேல இருக்கு, அதுக்கு மேல சிமென்ட் நடைபாதை வேற. பிளாஸ்டிக் தாள் சுவர்ப்பக்கம்தான் நனைஞ்சிருந்தது. மழையில பார்த்ததுல மழைநீர்க் குழாய் கொட்டற இடம் அந்த வெடிப்புக்கு நேர் கீழ. டார்ப்பாய் போட்டாச்சு, முட்டு நாளைக்கு.

சிமென்ட் பூச்சை எப்படி எடுக்கறது? சில இடத்துல கல்லு மாதிரி பிடிச்சிருக்கு. எடுத்துட்டு எவ்வளவு நாள் காத்திருக்கணும்? சுண்ணாம்புக் காரை கலக்கத் தெரிஞ்ச ஆள் இல்லை, கொத்தனாருக்கு அளவு சொல்லிக் கொடுத்தா செய்வாரு.

நீற்றுச்சுண்ணாம்பு எழுதியது:

வெடிப்புக்கும் ஓதத்துக்கும் ஒரே காரணமா இருக்கலாம், நல்ல செய்தி. குழாய்த் தண்ணியை சுவரை விட்டு ரெண்டு மீட்டராவது தள்ளிக் கொண்டுபோங்க, அது ஒரு நாள் வேலை.

நடைபாதையை உடைச்சு மண்ணு இறக்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய கடைக்கால் ரொம்ப ஆழம் இருக்காது. முதல்ல ஒரு இடத்துல மட்டும் சின்னக் குழி எடுத்து கடைக்கால் எவ்வளவு ஆழத்துல முடியுதுன்னு பாருங்க. முழு நீளத்துக்கும் ஒரே மூச்சுல தோண்டாம, ஒரு மீட்டர் தோண்டி ஒரு மீட்டர் விட்டுப் போங்க. வடிகால் வேணும்னா சுவரை ஒட்டிப் போடாதீங்க. கடைக்காலோட அடியில இருந்து 45 பாகை சரிவா ஒரு கோடு இறங்கறதா நினைச்சுக்குங்க, பள்ளத்தோட அடி அந்தக் கோட்டுக்கு மேலதான் நிக்கணும். 300 மி.மீ. அகலப் பள்ளம், வடிதுணி விரிச்சு, 100 மி.மீ. துளைக்குழாய் 100-க்கு 1 வாட்டத்துல, சுத்தி 20 மி.மீ. ஜல்லி, துணியை மேல மடிச்சு மூடணும். துணி போடலைன்னா சில வருஷத்துல சேறு அடைச்சிடும்.

பூச்சு எடுக்கறது: டிமாலிஷன் ஹேமர் வேண்டாம், கிரைண்டரும் வேண்டாம். சுத்தியல் கைப்பிடியால சுவர் முழுக்கத் தட்டிப் பாருங்க. பொக்கையா சத்தம் வர்ற இடத்தைச் சாக்பீஸால வட்டம் போடுங்க. பொக்கையோட விளிம்புல இருந்து தட்டை உளியைச் சாய்ச்சுப் பிடிச்சு, ஒரு சதுர அடி, ஒரு சதுர அடியா பிரிங்க. கல்லு மாதிரி பிடிச்சிருக்கற இடத்துல ஒரு துண்டு எடுத்துப் பாருங்க. பின்னாடி செங்கல்லோட சிவப்பு முகம் ஒட்டிக்கிட்டு வந்தா அங்க நிறுத்துங்க. செங்கல்லோட சுட்ட தோல் போச்சுன்னா உள்ளே இருக்கறது மெதுவா பொடியும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பிடிச்சிருக்கற சிமென்டைச் சில வருஷம் அப்படியே விடலாம், கீழே ஒரு மீட்டர் திறந்தாலே சுவர் மூச்சு விடும்.

திறந்ததும் பூக்கற உப்பை உலர்ந்த தூரிகையால பெருக்கி, பையில கட்டி வெளியே போடுங்க. தண்ணி விட்டுக் கழுவினா மறுபடி உள்ளேயே போகும். வாரம் ஒரு தடவை பெருக்குங்க. மாசத்துக்கு மாசம் குறையணும்.

காத்திருக்கற காலம்: சுவர் கனத்துல 25 மி.மீ.க்கு ஏறக்குறைய ஒரு மாசம்னு கணக்கு. 450-க்கு ஒன்றரை வருஷம், ரெண்டு பக்கமும் திறந்திருந்தா அதுல பாதிகிட்ட. முழுசா காயணும்னு பூசாம இருக்க வேண்டியதில்ல, சுண்ணாம்புக் காரை ஈரத்தை விட்டுக்கொடுக்கும். ஒரு வறண்ட பருவம் முழுக்க திறந்து போடுங்க, அப்புறம் பூசுங்க. அந்த முதல் பூச்சைத் தியாகப் பூச்சுன்னு வெச்சுக்குங்க. ஒரு வருஷத்துல உப்பை வாங்கிக்கிட்டு உதிரும், உதிர்ந்ததை எடுத்துட்டு மறுபடி பூசணும். அதைத் தோல்வின்னு கொத்தனாரைத் திட்டாதீங்க, அதோட வேலையே அதுதான். சூடாக்கி வெச்சு வேகமா காய வைக்காதீங்க, உப்பு மொத்தமா முகத்துக்கு வரும், மரமும் வெடிக்கும்.

இப்ப அளவு. நீத்து, குறைஞ்சது மூணு மாசம் தண்ணிக்கு அடியில கிடந்த சுண்ணாம்பு விழுது 1 பங்கு, மணல் 3 பங்கு, எல்லாம் பெட்டி அளவு, எடை இல்ல. ஏன் மூணுன்னு கொத்தனாருக்கே காட்டிடலாம். காய்ஞ்ச மணலை ஒரு லிட்டர் குவளையில தலை தட்டி நிரப்புங்க. அதுல தண்ணி மெதுவா ஊத்துங்க, மேல தெரியற வரைக்கும். நல்ல மணல்னா 330 மி.லி. பக்கம் வாங்கும். மணல் துகளுக்குத் துகள் இடையில இருக்கற அந்தக் காலி இடத்தைத்தான் சுண்ணாம்பு நிரப்பணும். 400 வாங்கினா அந்த மணலுக்கு 1-க்கு இரண்டரைதான் சரி. அடிப்பூச்சுக்கு 5 மி.மீ. வரைக்கும் பெரிசும் சிறிசும் கலந்த கூர்மணல், கடைசி மெழுகுப்பூச்சுக்கு 1 மி.மீ.க்குக் கீழ சலிச்சது, கலவை 1-க்கு 1-ல இருந்து 2. ஒரே அளவு துகள்கள் உள்ள நைஸ் மணலை அடிப்பூச்சுக்குப் போட்டா காய்ஞ்சதும் வலை வலையா வெடிக்கும். கண்ணாடிக் குப்பியில மணலும் தண்ணியும் குலுக்கி வெச்சு, மேல படியற வண்டல் 8 சதவீதத்துக்கு மேல இருந்தா மணலைக் கழுவுங்க.

10 சதுர மீட்டர் சுவருக்கு 10 மி.மீ. அடுக்கு ஒண்ணுக்கு, செங்கல் இணைப்புல போறது, கீழே கொட்டறது எல்லாம் சேர்த்து 120 லிட்டர் மணல், 40 லிட்டர் விழுது. சுண்ணாம்பு மணலோட இடைவெளிக்குள்ள போயிடறதால கலவையோட மொத்தம் மணல் அளவுதான் வரும், கூட்டிப் போட்டு ஏமாற வேண்டாம்.

கலக்கும்போது கொத்தனார் கை தானா தண்ணிக்குப் போகும். தடுங்க. விழுதுலயே வேணுங்கற ஈரம் இருக்கு. முதல்ல வறட்டி மாதிரி உதிரியா இருக்கும், வேலைக்கு ஆகாதுன்னு தோணும். மண்வெட்டிக் காம்பால குத்தி, மிதிச்சு, இருபது நிமிஷம் புரட்டினா வெண்ணெய் மாதிரி இளகி வரும். கரணையில எடுத்துத் தலைகீழா கவிழ்த்தா ஒட்டிக்கிட்டு நிக்கணும். தண்ணி ஊத்தி இளக்கின கலவை பூசும்போது சுகமா போகும், ரெண்டாம் நாள் வெடிக்கும்.

சுவரை முந்தின நாள் சாயங்காலமும், பூசறதுக்கு முன்னாடியும் தண்ணி தெளிச்சு நனைங்க. இணைப்புகளை 20, 25 மி.மீ. ஆழத்துக்குக் கிளறி நிரப்பிட்டு, பிறகு அடுக்கு. ஒரு அடுக்கு 12 மி.மீ.க்கு மேல போகக் கூடாது. கொஞ்சம் இறுகினதும் குறுக்கு நெடுக்காக் கீறி விடுங்க. அடுத்த அடுக்கு எப்பன்னா, நகம் வெச்சா கீறல் விழணும், கட்டைவிரல் அமுக்கினா பள்ளம் விழக் கூடாது. ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் வாரம் ஈரச் சாக்கை சுவர்ல ஒட்டாம 5 செ.மீ. தள்ளித் தொங்கவிடுங்க, வெயிலும் காத்தும் நேரா படக் கூடாது. சுண்ணாம்பு இறுகறது காத்துல இருக்கற கரியமில வாயுவால, அதுக்கு ஈரமும் வேணும். சீக்கிரம் காய்ஞ்சா இறுகாம வெள்ளைப் பொடியாத் தேயும். சந்தேகம் வந்தா சின்னத் துண்டு உடைச்சு பினால்ப்தலீன் ஒரு சொட்டு விடுங்க. இளஞ்சிவப்பாச்சுன்னா உள்ளே இன்னும் இறுகல.

வெளிப்பக்கம் மழை அடிக்கற சுவருக்கு இயற்கை நீரிறுகு சுண்ணாம்பு (தண்ணியோட சேர்ந்தே இறுகற வகை) வாங்கலாம். மூட்டையில 2, 3.5, 5-னு போட்டிருக்கும், 28 நாள்ல அது தாங்கற குறைஞ்சபட்ச அழுத்தம் மெகாபாஸ்கல்ல. உங்க செங்கல் மெதுவானதுன்னா 2, இல்லைன்னா 3.5, அதோட நிறுத்துங்க. சுவர்ல காரைதான் முதல்ல தேயணும், செங்கல் இல்ல. மேல பிளாஸ்டிக் எமல்ஷன் அடிச்சா பட்ட பாடு வீண். சுண்ணாம்பை ஆடை எடுத்த பால் பதத்துக்குக் கரைச்சு, ஈரச்சுவர்ல நாலஞ்சு மெல்லிய பூச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாள் விட்டு.

இழைப்புளி எழுதியது:

உத்தரம் மெத்துன்னு இருக்குன்னு சொன்னீங்க, எவ்வளவு தூரத்துக்குன்னு பார்த்தீங்களா? சுவர் ஓரத்துல இருந்து 50 மி.மீ.க்கு ஒரு தடவை, மூணு பக்கமும் ஊசியான திருப்புளியால குத்துங்க. நல்ல மரத்துல ரெண்டு மூணு மி.மீ.தான் இறங்கும். உளுத்த இடத்துல சதைக்குள்ள போற மாதிரி இறங்கும். வெளியே நல்லா இருந்து உள்ளே போயிருக்கற சந்தேகம் இருந்தா 3 மி.மீ. துரப்பணத்துல ஒரு துளை போட்டு வர்ற தூளைப் பாருங்க. சுருள் சுருளா வெளிறி வந்தா நல்ல மரம். பழுப்புப் பொடியா தடை இல்லாம கொட்டினா போச்சு. ஈரமானி இங்க உபயோகப்படும். மரத்துல 20 சதவீதத்துக்கு மேல காட்டினா பூஞ்சைக்கு இடம் உண்டு, 18-க்குக் கீழ இறக்கிட்டா பூஞ்சை வளர்ச்சி நின்னுடும்.

பெரும்பாலும் சுவருக்குள்ள போற 300, 400 மி.மீ.தான் போயிருக்கும். அதுக்காக நாலு மீட்டர் உத்தரத்தை எறியறது பாவம். நல்ல மரம் வர்ற இடம் வரைக்கும் வெட்டி எடுத்து, அதே சாதி மரத்துல, அதே அளவு காய்ஞ்ச துண்டைச் சாய்வுப் பொருத்தா இணைச்சு, ரெண்டு பக்கமும் பட்டை வெச்சு போல்ட் போடணும். 12 மி.மீ. போல்ட், 50 மி.மீ. வாஷர் வழக்கம், ஆனா எத்தனை, எவ்வளவு நீளம்ங்கறது உங்க உத்தரம் ரெண்டு சுவருக்கு நடுவுல தாண்டற நீளத்தையும் சுமையையும் பொறுத்தது, பொறியாளர் கையெழுத்து வேணும். புது நுனி சுவர்க் குழிக்குள்ள இறுக்கமா போகக் கூடாது. பக்கத்துலயும் பின்னாடியும் 15 மி.மீ. காத்து இடைவெளி, அடியில ஈயத்தகடோ கல்பலகையோ. குழியைச் சிமென்ட் வெச்சு அடைச்சா பத்து வருஷத்துல மறுபடி இதே நுனி உளுக்கும்.

இரும்பு உத்தரம் போடலாம்னு அடுத்து யாராவது சொல்வாங்க. ஈரச் சுவருக்குள்ள இரும்பு நுனி துருப்பிடிச்சு பல மடங்கு பெருக்கும், சுவரையே நெம்பிடும். அவசியம்னா சுவருக்குள்ள போற பகுதி துருப்பிடிக்காத எஃகா இருக்கணும்.

ஒட்டு போட்ட துண்டைச் சாயம் பூசி பழசு மாதிரி மறைக்காதீங்க. மாத்தின பகுதி முழுசோட இசைஞ்சு இருக்கணும், ஆனா பழசுல இருந்து பிரிச்சறியவும் முடியணும்னு 1964 வெனிஸ் சாசனமே சொல்லுது. துண்டுல வருஷத்தை உளியால வெட்டி வைங்க. அடுத்து பிரிச்சுப் பார்க்கறவங்களுக்கு அது ஒரு உதவி.

கரையான் மண்கோடு, மாவு மாதிரி தூள் கொட்டற 1, 2 மி.மீ. துளை இருக்கான்னும் பாருங்க. போரேட் கரைசல் 10 சதவீதம் தூரிகையால ரெண்டு தடவை போடலாம். ஆனா அது தண்ணியில கரைஞ்சு போற மருந்து, ஒழுகற இடத்துல பிரயோசனம் இல்ல. ஒழுக்கு நின்னப்புறம்தான்.

நாலாம்மாடிச்சாரம் எழுதியது:

யாரும் கதவைப் பத்திப் பேசல. இதுதான் எனக்கு எல்லாத்தையும் விட அவசரமாத் தோணுது. 140 வருஷ வீட்டுக் கதவுல அடி அடுக்குகள் ஈயப் பெயின்ட்டாத்தான் இருக்கும்னு வெச்சுக்குங்க. அமெரிக்காவுல வீட்டுப் பெயின்ட்ல ஈயத்தைத் தடை பண்ணினதே 1978-ல. உப்புத்தாள் போட்டு உலர்வாத் தேய்க்கறதை இந்த நிமிஷமே நிறுத்துங்க. அந்தத் தூள் கண்ணுக்குத் தெரியாம தரையில படியும், நாலு வயசுப் பிள்ளை கை வெச்சு வாயில வைக்கும். பாதுகாப்பான அளவுன்னு ஈயத்துக்கு எதுவும் கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆறு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களோட மூளைக்குத்தான் பாதிப்பு அதிகம். ஏற்கெனவே தேய்ச்சாச்சு இல்லையா, ரெண்டு பிள்ளைக்கும் ரத்தத்துல ஈய அளவு பார்க்கச் சொல்லி மருத்துவர்கிட்ட கேளுங்க.

தேய்ச்ச அறையைத் துடைப்பத்தால பெருக்காதீங்க, சாதாரண வேக்குவமும் போடாதீங்க, பின்பக்கமா தூளை ஊதும். ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம், அப்புறம் சோப்புத் தண்ணியில துடைப்பு, துணியை எறிஞ்சிடுங்க. இனி பெயின்ட் எடுக்கணும்னா நனைச்சு நனைச்சுச் சுரண்டணும். வெப்பத் துப்பாக்கின்னா 590 பாகை செல்சியஸுக்கு மேல போகக் கூடாது, தீச்சுடர் கூடவே கூடாது, ஈயம் ஆவியாகும். கீழே தடிமனான பிளாஸ்டிக், ரெண்டு பக்கமும் ரெண்டு மீட்டர் நீட்டி. துணி முகக்கவசம் போதாது, பி100 வடிகட்டி வேணும். கதவைக் காஸ்டிக் தொட்டியில முக்கித் தர்றேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, இணைப்புல பசை விட்டுப்போய் சட்டம் ஆடும்.

பெயின்ட் உரியாம கெட்டியா இருக்கற கதவை அப்படியே விட்டு மேல ஒரு பூச்சு அடிங்க. அதுல எந்தத் தப்பும் இல்ல. பழைய குழாய் மேல சுத்தின வெள்ளை உறை, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு இருந்தா துளை போடாம ஆள் வெச்சு சோதிச்சுட்டுத் தொடுங்க.

எர்த்துக்கம்பி எழுதியது:

சுருக்கமா வயரிங். பூச்சுக்கு முன்னாடி இது முடியணும். பழைய ரப்பர் உறை வயரை இழுக்காதீங்க, வளைக்காதீங்க, தொட்டாலே உறை உதிரும். 500 வோல்ட்ல இன்சுலேஷன் சோதனை பண்ணி 1 மெகாஓம்க்குக் கீழ காட்டற சுற்றை எல்லாம் பெட்டியிலயே துண்டிச்சிடுங்க. வேலை நடக்கற வரைக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானோட தனியா ஒரு தற்காலிகப் பெட்டி போட்டு, அதுல இருந்தே எல்லா கருவியும் ஓடட்டும். எர்த்து நல்லா இருக்கான்னு அளந்து பார்த்துட்டுத்தான்.

சுவரை வெட்டி மறைச்சுப் போட ஆசைப்படாதீங்க. மேலிருந்து கீழா போற வெட்டோட ஆழம் சுவர் கனத்துல மூணுல ஒரு பங்கு, கிடைமட்டமா போற வெட்டோட ஆழம் ஆறுல ஒரு பங்கைத் தாண்டக் கூடாதுங்கறது பொது விதி. உள்ளே தளர்ந்த காரை இருந்தா அதுவுமே அதிகம். மாடிப் பலகைக்கு அடியில ஓட்டுங்க, சுவர்ல வெளிப்படையா குழாய் போடுங்க. உத்தரத்துல துளை போட்டா உயரத்தோட நடுக்கோட்டுல, உயரத்துல கால்பங்குக்கு மிகாம, தாங்கற இடத்துல இருந்து நீளத்தோட கால்பங்குக்கும் ஐந்துல ரெண்டு பங்குக்கும் இடையில. மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் கண்ட இடத்துல வெட்டற எலக்ட்ரீஷியனை அனுப்பிடுங்க. பெட்டி பதிக்க ஜிப்சம் வேண்டாம், ஈரச்சுவர்ல இளகிடும், சுண்ணாம்புக் காரையே போதும்.

ஓட்டுக்கூரை எழுதியது:

கதவு தேய்க்கறதை நிறுத்தி, அந்த அறையை நாடா போட்டு அடைச்சாச்சு. பிள்ளைங்களுக்கு ரத்தப் பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கோம். ஒரு கேள்வி மட்டும். சுவர் காயற வரைக்கும் ஒன்பது மாசமாவது ஆகும்னா அதுவரைக்கும் ஆறு பேர் எப்படி இருக்கறது?

தூக்குக்குண்டு எழுதியது:

கூரைப் பள்ளத்துல இருந்தும் ஓதச் சுவர்ல இருந்தும் தள்ளி, மாடியில பிரிச்ச அறை ஒண்ணு இருக்குமே, அதை இப்பவே முழுசா முடிச்சிடுங்க. வயரிங், பூச்சு, சன்னல், எல்லாம். தண்ணி நிக்காம உள்வேலை வேண்டாம்னு நான் முதல்ல சொன்னது ஈரம் படற அறைகளுக்கு. காய்ஞ்ச ஒரு அறை, கதவு சாத்தினா தூசி வராத அறை, வேலை முடியற நாள் வரைக்கும் அங்க ஒரு செங்கல் கூட வைக்கக் கூடாது. பிள்ளைங்க தூங்கறது அங்கதான். அதோட ஒரு குளியலறை, ஒரு அடுப்படி. இந்த மூணும் எப்பவும் ஓடணும். வேலை நடக்கற பக்கத்துக்கும் இதுக்கும் நடுவுல தரையில இருந்து கூரை வரைக்கும் ரெண்டு அடுக்கு பிளாஸ்டிக் திரை, நடுவுல ஒரு மீட்டர் விட்டு. வேலைச் செருப்பு அந்த இடைவெளியோட நின்னுடணும்.

பிரிச்ச மத்த நாலு அறையில, ஓதச் சுவர் உள்ளதை மட்டும் காத்துக்குத் திறந்து வைங்க. மத்ததுல கழட்டின கதவு, சட்டம், ஓடு எல்லாத்துலயும் எண் எழுதி, எந்த அறை, எந்தச் சுவர், எந்தப் பக்கம் மேல்னு ஒரு நோட்டுல குறிச்சு, தரையில இருந்து 100 மி.மீ. தூக்கி அடுக்கிட்டு, கதவைப் பூட்டுங்க. ஒப்பந்தக்காரரோட மொத்த வேலையா பேசியிருந்தா அதைப் பிரிச்சுப் பேசுங்க: பள்ளத்தகடு ஒண்ணு, வெளித்தரை ஒண்ணு, உத்தரம் ஒண்ணு. ஒண்ணு முடிஞ்சு அளந்து பார்த்தப்புறம் அடுத்ததுக்கு முன்பணம். ஒவ்வொண்ணுலயும் மதிப்பீட்டுக்கு மேல 25 சதவீதம் ஒதுக்கி வைங்க. பழைய சுவரைத் திறந்தா உள்ளே என்ன இருக்கும்னு யாராலயும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வெடிப்பு அளவு மாசா மாசம் இங்க போடுங்க, குழாய்த் தண்ணியைத் திருப்பினப்புறம் அசையுதா நிக்குதான்னு சேர்ந்து பார்க்கலாம்.